சுவர்ப் படத்துக்கு ஒரு முகம்

“…மொதல்ல அந்த மாலையக் கழட்டுங்க, அப்புறம் யாரு என்னான்னு பேசிக்கலாம்! உசுரோட இருக்கற மனுஷி படத்துக்கு மாலை போட எவன் சொன்னது?”

மலேசியாவின் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் வாசலில் நின்று ஓர் அம்மா இப்படிச் சத்தம் போட்டபோது, உள்ளே நாங்கள் டிவிக்கான டெலிமூவி ஒன்றின் முதல் காட்சிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தோம். கேமராக்காரர் கேமராவை விட்டு ஓரடி தள்ளி நின்றார். ‘நானில்லை’ என்று காட்டிக்கொள்கிறாராம். மாலையை ஆணியில் தொங்கவிட்டவன் நான். போடச் சொன்னவர் வேறு ஒருவர் என்றாலும், நாற்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தவன் நான்தானே. அந்த அம்மாவின் பார்வை நேராக என்மேல்தான் விழுந்தது.

அவர் யார், எதற்காக வந்தார் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இதை இப்போது ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நாடகங்களுக்கும் டெலிமூவிகளுக்கும் சாமான் சேர்த்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவன் நான். தொழிலில் அதை ‘ப்ராப்ஸ்’ என்பார்கள். நடிகர் குடிக்கிற டம்ளர், கோபத்தில் உடைக்கிற தட்டு, அது உடையாவிட்டால் மாற்றி வைக்க இன்னொரு தட்டு, எல்லாம் என் பொறுப்பு. இப்போது ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் இருக்கிறேன். கொஞ்ச நாளுக்கு முன்னால் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். ஒரு பெண் கைப்பேசியை நீட்டி, மீசை வைத்த ஒரு பெரியவரின் படத்தைக் காட்டினாள்.

“அங்கிள், எங்க புது டிராமாவுல செத்துப்போன அப்பா இவர்தான். இப்படி ஒரு மனுஷன் உலகத்திலயே கெடையாது. கம்ப்யூட்டர் செஞ்ச மூஞ்சி. மாலை போட யாரையும் கேக்க வேணாம் லா. உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்க?”

நல்ல முகம். குறை சொல்வதற்கில்லை. எங்கள் காலத்தில் எப்படிச் செய்தோம் என்று நான் ஆரம்பித்தேன். “எழுதிடுங்க அங்கிள், பேசினா நீங்க நிறுத்த மாட்டீங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். சரி, எழுதுவோம்.

என் அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற அந்தோணியார் பக்தர், அதனால் எனக்கும் அந்தோணி என்றே பெயர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரு லோரி லைசென்ஸ் மட்டும். ஒரு நாடகக் குழுவுக்கு சோபா ஏற்றி இறக்கப் போனேன். இறக்கியதோடு நிற்காமல், “இந்த சோபா இங்க இருந்தா கதவு தெறக்காதே” என்று வாயை வைத்தேன். அங்கே நின்ற ஒரு சீனர், சுத்தமான தோட்டத் தமிழில், “வாய் இருக்கு, கண்ணும் இருக்கு. நாளைக்கும் வா” என்றார். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அவர்தான் ஆர்ட் டைரக்டர் சோங் அண்ணே. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். சோங் அண்ணே தமிழ்ப் பிள்ளைகளோடு சண்டை போட்டே தமிழ் கற்றவர். அதனால் அவருக்குத் திட்டு முழுதாக வரும், பாராட்டு பாதிதான் வரும். ‘பரவால்ல’ என்றால் அது பெரிய பாராட்டு. எதையும் இரண்டு தடவை கேட்பார். “ஆணி அடிச்சியா?” என்பார். அடித்தேன் என்றால், கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, “அடிச்சியா?” என்பார். முதல் பதில் மரியாதைக்கு, இரண்டாவது பதில்தான் நிஜம் என்பது அவர் கணக்கு.

வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டை அமைப்பதில் அவர் மாதிரி யாரையும் நான் பார்த்ததில்லை. சின்ன டைரக்டர்கள் வந்து, “ரொம்ப சோகமா இருக்கணும் சோங் அண்ணே, ஒட்டடை போடுங்க” என்பார்கள். அவர் ஒட்டடை போட விடமாட்டார். “தனியா இருக்கறவங்க வீடு ரொம்ப சுத்தமா இருக்கும். அழுக்காக்க ஆள் எங்க?” என்பார். தட்டு காயவைக்கிற கூடையில் ஒரே ஒரு தட்டு, ஒரு கிண்ணம். குடிதண்ணீர்ப் பானை மேல் கவிழ்த்த ஒரு டம்ளர். ஆனால் அலமாரிக்குள் விருந்துக்கு வைத்த கண்ணாடி டம்ளர்கள் முழு செட், விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. சோபாவில் ஓரிடத்தில் மட்டும் பள்ளம். அந்தப் பள்ளத்துக்காக என்னைப் பூச்சோங்கில் இருந்த எங்கள் ஸ்டோரில் தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து பசியாறச் சொன்னார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை மடியில் வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு உட்கார்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்து, “பரவால்ல” என்றார்.

இனி சாவு விஷயம். நம் ஆட்களுக்கு நடிப்பென்று தெரிந்தாலும் சாவு சாவுதான். பிணமாகப் படுக்கிற நடிகர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள், ஆனால் எங்கேயும் காட்டமாட்டார்கள். அந்தச் சிரிப்பு திருஷ்டிக்கு. செலாயாங்கில் ஒரு தடவை, பிணமாகப் படுத்த பெரியவர் மின்விசிறிக் காற்றில் நிஜமாகவே தூங்கிவிட்டார். ஒப்பாரி உச்சத்தில் இருக்கும்போது குறட்டை. அழுதுகொண்டிருந்த பெண்கள் அப்படியே மாரடித்தபடி குலுங்கிச் சிரித்தார்கள். எழுப்பினால், “சீன் முடிஞ்சிருச்சா? சிரிக்கணுமா?” என்று தூக்கக் கண்ணோடு பல்லைக் காட்டினார். சோங் அண்ணே என் பக்கம் திரும்பி, “இவரு நூறு வருஷம் இருப்பாரு” என்றார்.

மாலை போட்ட சுவர்ப் படம் இதைவிடச் சிக்கல். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு குழு, மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து யாரோ ஒருவர் படத்தை எடுத்து, பொட்டும் மாலையும் வைத்து மாட்டிவிட்டதாம். தீபாவளி வாரத்தில் நாடகம் ஒளிபரப்பானது. படத்தில் இருந்த மனுஷன் முறுக்கு தின்றுகொண்டே தன் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வந்து இறங்கி, “நான் இன்னும் பென்ஷன் வாங்கிட்டிருக்கேன்யா, கெடுத்துடாதீங்க!” என்றாராம். அதை நேரில் பார்த்ததிலிருந்து சோங் அண்ணே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். மாலை போடும் முன் ஆளைக் கேட்க வேண்டும், அப்புறம் அந்த ஆளுடைய ஆளையும் கேட்க வேண்டும். “ஒருத்தர் தன் படத்துக்கு மாலை போடச் சரின்னு சொல்லலாம். அது தைரியமா, வெறுப்பான்னு நமக்குத் தெரியாது. அவங்க வீட்டு ஆளுக்குத்தான் தெரியும்” என்பார்.

கிள்ளான் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்த படம் அது. மனைவியை இழந்த ஒரு ரயில்வேப் பெரியவர், தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சுவரில் இருக்கிற மனைவி படத்தோடு பேசிக்கொண்டிருப்பார். சண்டையில்லை, பாட்டில்லை. பாதி வசனம் சுவரோடுதான். கவிதா என்று ஒரு பெண் டைரக்டர், சுறுசுறுப்பானவள், எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பாள். வீடு கிடைத்துவிட்டது. சுவரில் மாட்ட முகம்தான் கிடைக்கவில்லை. கேட்ட நடிகைகளில் ஒருவர், “பேயா வேணும்னாலும் நடிக்கறேன், படமா தொங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் சரி என்றார். அவருடைய மருமகள் போன் போட்டு அழுதாள்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் சொந்தக்காரர் சரோஜா அக்கா. புருஷன் இறந்துவிட்டார், ஒரே மகன் மெல்பர்னில். பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தியவர். “நூறு பிள்ளைக்கு மீ கோரெங் பெரட்டுன கை தம்பி. இப்ப ஒரு முட்டைக்கு அடுப்பப் பத்தவைக்கலாமான்னு யோசிக்குது” என்பார். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அவருக்கு யோசனை போய்விட்டது. ஆளுக்கு ஆள் கோப்பியோ தேத்தண்ணியோ, ஏதாவது ‘தண்ணி’ கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சோங் அண்ணே அந்த வீட்டில் ஒரு பொருளையும் மாற்றவில்லை. தட்டுக் கூடையில் ஒரு தட்டு, சோபாவில் ஒரு பள்ளம். எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

படப்பிடிப்புக்கு முந்தின நாள், முகம் கிடைக்காமல் கவிதா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் கோப்பி கொண்டுவந்த சரோஜா அக்கா, “என் மூஞ்சி ஆவாதா?” என்றார்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். கேன்டீனின் கடைசி நாளில் எடுத்தது. பெரிய சிரிப்பு. கவிதாவின் முகம் மலர்ந்துவிட்டது. கதையில் வருகிற மனைவி அப்படியே அதுதான்.

சோங் அண்ணே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மாலை போடுவோம், தெரியுமில்ல?”

“போடுங்க லா. எனக்கு எப்படியும் போட ஆளில்ல. உசுரோட இருக்கும்போதே எப்படி இருக்குன்னு பாத்துக்கறேன்.”

“மகன் இருக்காரே?”

அவர் உடனே மகனுக்கு வீடியோவில் கூப்பிட்டார். மகன் நல்ல பிள்ளைதான். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஓகே மா, நோ ப்ராப்ளம், நான் மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

“போதுமா பாஸ்?” என்றார் சரோஜா அக்கா.

சோங் அண்ணே தலையை ஆட்டினார், இல்லை என்று. “பையன் நல்லவன்தான். ஆனா ‘எதுக்கு’ன்னு கேக்கலையே. எதுக்குன்னு கேக்கறவங்கதான் ஆளு. வேற யாரு இருக்கா?”

அக்கா காலித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படிக் கேக்கறவ ஒருத்தி இருந்தா” என்றார்.

செலாயாங்கில் இருக்கிற தங்கை பாக்கியம். அவர் மகள் கல்யாணக் கார்டில் பெரியம்மா, பெரியப்பா பெயர் விட்டுப்போனது. அச்சகத்துத் தப்பு என்றார் தங்கை. கண்ணு இருந்தா படிச்சிருக்கணும் என்றார் அக்கா. அக்கா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இவர் அவரைக் கூப்பிடவில்லை, அவர் இவரைக் கூப்பிடவில்லை. நம் ஆட்கள் சொத்துக்காகப் பிரிந்தால்கூட ஒரு நாள் சேர்ந்துவிடுவார்கள். கார்டில் பெயர் விட்டுப்போனால் கஷ்டம்.

“நான் கூப்புட மாட்டேன்” என்றார் சரோஜா அக்கா.

“நான் கூப்புடறேன்” என்றார் சோங் அண்ணே.

கஷ்டமான போன் என்றால் அவர் உட்கார்ந்து பேசமாட்டார். நின்றுகொண்டுதான் பேசுவார், அதுவும் ஸ்பீக்கரில், யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவருக்கும் கேட்கிற மாதிரி. கேட் பக்கம் போய் நின்று, உங்கள் அக்கா நன்றாக இருக்கிறார், மத்தியானம் சாப்பிட்டார் என்று ஆரம்பித்து, படம், மாலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். “நீங்க சரின்னா மாட்டறோம். வேணாம்னா விட்டுடறோம்.”

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “எனக்கு அக்கான்னு யாரும் கெடையாது. என்னமோ பண்ணிக்குங்க.”

வைத்துவிட்டார்.

சரோஜா அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “பாத்தீங்களா பாஸ்? ஆளில்லன்னு சொன்னேன்ல. மாட்டுங்க” என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கழுவின டம்ளர்களையே திரும்பக் கழுவ ஆரம்பித்தார். நடிக்கத் தெரிந்த பல பேரை நான் பார்த்திருக்கிறேன். அந்த ‘மாட்டுங்க’வை அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியாது.

சோங் அண்ணேவுக்கு இஷ்டமில்லை. கவிதாவிடம் சொன்னார். அவளும் பாவம், மறுநாள் காலை எல்லாரும் வந்துவிடுவார்கள். “அந்தம்மாவே சரின்னுட்டாங்க, தங்கச்சியும் என்னமோ பண்ணுங்கன்னுட்டாங்க. இதுக்கு மேல யாரக் கேக்கறது அண்ணே?” என்றாள். “சரி. சொல்றது நீ, நான் இல்ல” என்று மட்டும் அவர் சொன்னார். நான் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மாலைக்குச் சொல்லி வைத்தேன்.

காலையில் சரோஜா அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் நாற்காலியில் ஏறி மாலையைப் போட்டேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. எடது பக்கம் கொஞ்சம் எறங்குது தம்பி” என்றார். நான் சரிசெய்தேன். அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் வெளியே டெக்சிக் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. வாசலில் அந்த அம்மா, நான் ஆரம்பத்தில் சொன்ன அதே பேச்சு. அக்காவின் மூக்கு, அக்காவின் நெற்றி. கண்ணைப் பார்த்தால் ராத்திரி தூங்கினவராகத் தெரியவில்லை. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது, இவர்தான் பாக்கியம்.

நான் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை. வயர்களைத் தாண்டி விறுவிறுவென்று வந்து, எம்பி, மாலையின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. மல்லிகை எல்லாம் என் தலைமேல்.

சத்தம் கேட்டு சரோஜா அக்கா வெளியே வந்தார். கையில் கரண்டி.

“ஏன்டி, எனக்கு அக்கா இல்லன்னவ நீதான?”

“இல்லன்னுதான் சொன்னேன். செத்துட்டான்னா சொன்னேன்?”

“கார்டுல பேர விட்டவளுக்கு…”

“அச்சடிச்சவன் விட்டான்! அதுக்காகத் தனக்குத்தானே மாலை போட்டுக்குவியா? எதுக்கு? சொல்லு, எதுக்கு?”

சோங் அண்ணே அன்றும் கழற்றிக் கையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை மெதுவாக எடுத்து மாட்டிக்கொண்டார்.

“படத்துக்குக் கேட்டாங்க, குடுத்தேன்” என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

“படத்துக்கு மூஞ்சிதான வேணும்? என் மூஞ்சிய மாட்டச் சொல்லு. எனக்குப் போடட்டும்.”

“உனக்கா? சின்னவ நீ! நான் இருக்கும்போது உன் படத்துக்கு மாலையா? பெரியவதான் மொதல்ல போவேன்.”

“வரிச புடிச்சிப் போறதுக்கு அது என்னா போஸ்ட் ஆபிசா?”

சோபாப் பள்ளத்தில் காத்திருந்த கதாநாயகப் பெரியவர் கையைத் தூக்கினார். “அம்மா, ரெண்டு பேருக்கும் வேணாம், எனக்கே போட்டுடுங்க. பசியாறிட்டு வரேன்.” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, “நீங்க சும்மா இருங்க!” என்றார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. கவிதாவைப் பார்த்து, “ஒண்ணு சொல்லட்டுமா மா? இந்தக் கெழவன் நானா இருந்தா, பொண்டாட்டி படத்துக்கு மாலையே போட்டிருக்க மாட்டேன். போட்டா, போயிட்டான்னு ஆயிடுமே. அப்புறம் யாரோட பேசறது?” என்றார்.

கவிதா வெறும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், “அங்கிள், மாலை வேணாம்” என்றாள்.

சோங் அண்ணே பாக்கியம் அம்மாவின் முன்னால் போய் நின்றார். “மாலை இல்லாம மாட்டலாமா?”

“மாட்டிக்குங்க. தூசியத் தொடச்சிட்டு மாட்டுங்க.”

கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். “மாட்டலாமா?”

“ஏன்யா, காது கேக்காதா உமக்கு?”

“பரவால்ல” என்றார் சோங் அண்ணே.

அந்தப் படத்தைப் பார்த்த பலர் பிறகு என்னிடம் அந்த மாலை இல்லாத சுவரைப் பற்றித்தான் பேசினார்கள். அது யார் யோசனை என்று கேட்பார்கள். ஒரு பெயரைச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதெல்லாம் பின்னால். அன்று காலை நான் தலையிலிருந்த மல்லிகையை உதிர்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கு வார்த்தை தீர்ந்துபோய், இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே நின்றார்கள். சரோஜா அக்கா கரண்டியைப் பார்த்துக்கொண்டே, “வந்தது வந்துட்ட. தண்ணி கலக்கட்டுமா?” என்றார்.

பாக்கியம் அம்மா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நாங்கள் வயர்களை ஒதுக்கி வழிவிட்டோம். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தங்கை வாசல் நிலையைத் தாண்டினார். வெளியே போய்க் குனிந்தார். வந்த கோபத்தில் போட்டபடியே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்த செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார்.